இரவு இரண்டரை மணிக்கு மணி அடிப்பது யார்?



நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகள் "கணக்கு சாருக்கு எதுக்கு இந்த வேலை" என்று சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். தப்பு இருந்தால் கீழே எழுதித் திருத்துங்கள். முப்பத்திரண்டு வருஷம் உங்கள் நோட்டில் நான் சிவப்பு மை போட்டேன், இப்போது உங்கள் முறை.

நம் பழைய மாணவர் புகைப்படத் தளம் 2021இல் அழிந்துபோனது உங்களில் பலருக்குத் தெரியும். சர்வரின் டிஸ்க் போய்விட்டது. டிஸ்க் என்றால் ஒருநாள் போகத்தான் செய்யும், அது பெரிய விஷயமில்லை. தினமும் இரவு நகல் எடுக்கப்படுகிறது என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். போய்ப் பார்த்தால் 2018இல் தளம் ஆரம்பித்த முதல் நாள் எடுத்த ஒரே ஒரு நகல்தான் இருந்தது. அதில் இருந்தவை நாற்பது படங்கள். அடுத்த மூன்று வருஷம் நீங்கள் பெட்டியடியிலிருந்து தேடி எடுத்து, ஸ்கேன் செய்து ஏற்றிய அத்தனையும் போயிற்று. சிலர் ஸ்கேன் செய்த பிறகு, கறையான் அரித்த அசல் படத்தையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். நம் பழைய தலைமையாசிரியர் சைக்கிளில் வரும் படம் இனி யாரிடமும் இல்லை.

அந்தத் தளத்தை ஒரு பைசா வாங்காமல் அமைத்துக் கொடுத்தவன் உங்களில் ஒருவன். பெயர் வேண்டாம். அன்று வாட்ஸ்அப் குழுவில் அவனைப் பற்றிச் சிலர் எழுதியது எனக்கு மறக்கவில்லை. நானும் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். "ஒரு நகல் எடுத்து வைக்கக்கூடவா தெரியவில்லை" என்றேன். அவன் பதில் பேசவில்லை. குழுவிலிருந்து விலகினான். என் அழைப்பையும் எடுப்பதில்லை.

போன தீபாவளிக்கு என் தங்கையின் பேத்தி வந்திருந்தாள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பேச்சுவாக்கில் இந்தக் கதையைச் சொன்னேன். "தாத்தா, அந்த அண்ணன் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா?" என்றாள். கொடுத்திருந்தான். 2018இல் எனக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கிறான், "சார், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்" என்று சொல்லி, சர்வரில் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி. நான்தான் படிக்கவில்லை. அவள் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்து "அச்சச்சோ" என்றாள்.

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அவள் போனிலேயே பாடம் எடுத்தாள். அந்த வரிக்குள் ஐம்பது வருஷச் சரித்திரம் இருக்கிறது என்று தெரிந்ததும் விட மனசில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் பள்ளி மணியை நினைத்துக்கொள்ளுங்கள். வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அடிப்பதற்கு ஒருவர் இருந்தார். அவருக்கு எதிரே சுவரில் கடிகாரம், கடிகாரத்துக்குக் கீழே அட்டையில் எழுதி ஒட்டிய கால அட்டவணை. முதல் பீரியட் முடிய 10.15, இடைவேளை 11.45 என்று இருக்கும். அவர் செய்ததெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பது, அட்டையைப் பார்ப்பது, இரண்டும் பொருந்தினால் எழுந்து போய் அடிப்பது. எந்தப் பீரியடில் என்ன பாடம் என்று அவருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

ஆளில்லாத நேரத்தில் ஒரு சர்வர் தானாக வேலை செய்வதும் இப்படித்தான். அந்த மணியடிப்பவருக்குப் பெயர் க்ரான். அட்டைக்குப் பெயர் க்ரான்டாப். அட்டையில் ஒரு வரிக்கு ஒரு வேலை. வரியின் தொடக்கத்தில் ஐந்து கட்டம் இருக்கும். நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், வாரத்தின் கிழமை. எதுவானாலும் சரி என்றால் அந்தக் கட்டத்தில் நட்சத்திரக் குறி. நம் பையன் எழுதியிருந்தது 0 21 * * * என்று. அதாவது தினமும் இரவு 21 மணி 0 நிமிடம்.

"இரண்டரை மணிக்கு என்றுதானே சொன்னான், ஒன்பது மணி என்று இருக்கிறதே" என்று நான் துள்ளினேன். பேத்தி சொன்னாள், "தாத்தா, அந்த சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்க." கூட்டினால் 26.30. அதாவது நமக்கு அதிகாலை 2.30. சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான் பையன். என் மாணவன் அல்லவா.

இந்த க்ரானை எழுதியவர் கென் தாம்சன். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற இடத்தில் பெல் ஆய்வகம் இருந்தது. அங்கேதான் அவரும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். இன்றைய லினக்ஸ் நடை, உடை, பாவனை எல்லாம் யூனிக்ஸிடம் கற்றது. காலத்தைக் குறிக்கும் க்ரோனோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து க்ரான் என்று பெயர் வைத்தார் தாம்சன். 1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பரவியது. அதோடு க்ரானும் பரவியது.

அந்தப் பழைய க்ரான் செய்ததை நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். அட்டையைப் படி. இந்த நிமிடத்தில் செய்யவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் செய். ஒரு நிமிடம் தூங்கு. எழுந்து மறுபடி முதலிலிருந்து. அவ்வளவுதான். இயந்திரம் முழுவதற்கும் ஒரே அட்டை. எல்லா வேலையும் ரூட் என்ற சர்வாதிகாரியின் பெயரில் நடக்கும். சாதாரணப் பயனாளர் தனக்கென்று ஒரு மணி அடிக்கச் சொல்ல முடியாது.

ஒரு நிமிடம் தூங்குகிறது என்றேன். தூங்குகிற புரோகிராமை எழுப்புவது யார்? எனக்கு இதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. மணியடிப்பவருக்குக் கடிகாரம் வேண்டுமே. யூனிக்ஸ் அன்று ஓடிய பி.டி.பி-11 இயந்திரத்தில் அந்தக் கடிகாரம் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்னத் தட்டு இயந்திரத்துக்குப் போகும். செய்துகொண்டிருக்கும் வேலையை அது அரைக்கணம் நிறுத்தி எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், யாரையாவது எழுப்ப வேண்டுமா என்று பார்க்கும், திரும்பப் பழைய வேலைக்குப் போகும். 60 தட்டு சேர்ந்தால் ஒரு நொடி. 3,600 தட்டு சேர்ந்தால் க்ரானை எழுப்பும் நேரம்.

இதில் ஒரு வேடிக்கை. யூனிக்ஸின் முதல் பதிப்பில் காலத்தையே 1971 ஜனவரி 1 முதல் அறுபதில் ஒரு பங்கு நொடிகளாகத்தான் எண்ணினார்கள். எண்ணை வைக்க 32 பிட் இடம். 2இன் 32ஆம் அடுக்கை 60ஆல் வகுத்து, ஒரு நாளின் 86,400 நொடிகளால் வகுத்துப் பாருங்கள். சுமார் 829 நாள். இரண்டே கால் வருஷத்தில் பாத்திரம் நிரம்பிவிடும்! பிறகு நொடிக் கணக்குக்கு மாறினார்கள், தொடக்கமும் 1970 ஜனவரி 1 ஆயிற்று. பெரிய மனிதர்களும் முதல் தடவை கணக்கைச் சின்னதாகத்தான் போடுகிறார்கள்.

அடுத்த கதை பர்டியூ பல்கலைக்கழகத்தில். இந்தியானா மாநிலம். அங்கே ஒரு வாக்ஸ் இயந்திரத்தை நூறு பேர் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள். எல்லோருக்கும் க்ரான் வசதி கொடுக்கலாம் என்று பார்த்தால் இயந்திரம் தாங்கவில்லை. நூறு பேருக்கும் நிமிடத்துக்கு ஒருதரம் நூறு அட்டை படித்தால் பாடம் எப்போது நடக்கும்?

அங்கே இருந்த ராபர்ட் பிரௌன் என்பவருக்கு 1977இல் வந்த ஒரு ஆய்வுக்கட்டுரை கண்ணில் பட்டது. எழுதியவர்கள் ஃபிராண்டா, மாலி என்ற இருவர். கட்டுரைக்கும் க்ரானுக்கும் சம்பந்தமே இல்லை. வங்கி வரிசை, போக்குவரத்து மாதிரியான நிகழ்ச்சிகளைக் கணினியில் பாவனை செய்து பார்ப்பவர்களுக்காக எழுதியது. அடுத்து நடக்கப்போவது எதுவோ அதை எப்போதும் வரிசையின் தலையில் வைத்துக்கொள்வது எப்படி என்பது அதன் பொருள். பாவனை உலகத்தில் காத்திருக்கத் தேவையில்லை, கடிகாரத்தை அடுத்த நிகழ்ச்சிக்குத் தள்ளிவிடலாம். பிரௌன் யோசித்தது இதுதான்: தள்ளுவதற்குப் பதிலாக உண்மையாகவே காத்திருந்தால்? அடுத்த வேலை 40 நிமிடம் கழித்து என்றால் 40 நிமிடம் நிம்மதியாகத் தூங்கு. நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து அட்டையைப் பார்க்காதே.

அவர் மாதிரிதான் செய்து வைத்தார். மறுவருஷம் வந்த கீத் வில்லியம்சன் என்ற முதுகலை மாணவனிடம், கை பழகட்டும் என்று, இதை முடித்துக் கொடு என்றார். 1979 கடைசியில் பர்டியூவில் அது ஓட ஆரம்பித்தது. படிப்பு முடிந்து வில்லியம்சன் பெல் ஆய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார், கூடவே அந்த க்ரானையும் எடுத்துக்கொண்டு போனார். சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸில் எல்லோருக்கும் தனித்தனி அட்டை வந்தது இப்படித்தான். கை பழகக் கொடுத்த வேலை! நான் உங்களுக்குக் கொடுத்த விடுமுறை வீட்டுப்பாடங்களில் ஒன்றாவது இந்த மாதிரி ஆகியிருக்கக் கூடாதா என்று ஒரு ஏக்கம்.

இந்த இடத்தில் சரித்திரம் நேராகப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. லினக்ஸில் பெரும்பாலோர் கண்ட க்ரான் பர்டியூ வழி வந்தது இல்லை. பால் விக்ஸி என்பவர் 1987இல் புதிதாக ஒன்று எழுதி இலவசமாக வெளியிட்டார். (பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 2011இல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இன்டர்நெட்டில் பெயரை முகவரியாக மாற்றும் பைண்ட் மென்பொருளுக்கும் நெடுநாள் பொறுப்பாளர். பத்தாம் வகுப்பில் நான் திட்டி அனுப்பிய சிலர் நினைவுக்கு வருகிறார்கள்.) அவருடைய 1993ஆம் வருஷத்து மூன்றாம் பதிப்புதான் லினக்ஸ் விநியோகங்கள் பலவற்றில் போய் உட்கார்ந்தது. டெபியனில் இன்றும் அதன் வாரிசுதான். ரெட்ஹாட் காரர்கள் 2007இல் அதிலிருந்து கிளை பிரித்து க்ரானி என்று வைத்துக்கொண்டார்கள்.

விக்ஸியின் க்ரான் மறுபடியும் நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து பார்க்கிறது! எல்லோருடைய அட்டைகளையும் முன்கூட்டியே படித்து மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும், ஏதாவது அட்டை மாறியிருக்கிறதா என்று மட்டும் கோப்பின் திருத்த நேரத்தைப் பார்க்கும். மாறியிருந்தால் அதை மட்டும் மறுபடி படிக்கும். அதற்குள் இயந்திரங்களின் வேகமும் எங்கேயோ போய்விட்டது, பர்டியூவில் கனத்த சுமை இப்போது தூசு. பிரௌனின் யோசனை அழகானதுதான், ஆனால் அது தேவைப்பட்ட காலம் கடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது, வருகிறேன்.

லினக்ஸ் பிறந்தது 1991இல், ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸின் பி.சி.யில். அங்கே தட்டிக் கொடுத்த கடிகாரம் வேறு. 1981இல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைப் போட்டது. அது அமெரிக்கக் கலர் டி.வி.யின் நிற அதிர்வெண்ணைப்போல் நான்கு மடங்கு. படிகம் ஒன்று, வேலை பல. அதை 12ஆல் வகுத்துக் கடிகாரச் சில்லுக்கு நொடிக்கு 11,93,182 துடிப்பு கொடுத்தார்கள். லினக்ஸுக்கு நொடிக்கு 100 தட்டு வேண்டும். 11,93,182ஐ 100ஆல் வகுத்தால் முழு எண் வருமா? வராது. மீதி நிற்கும். எங்கே போனாலும் மீதி துரத்துகிறது. ஒரு அமெரிக்கக் கலர் டி.வி. கணக்கு உலகத்து சர்வர்களின் ராத்திரி வேலையை வெகுகாலம் தட்டி எழுப்பியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

மதர்போர்டில் சின்ன பேட்டரியோடு இன்னொரு கடிகாரம் உண்டு. கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 அதிர்வு. இந்த எண் எங்கேயோ கேட்டது போல் இருக்கிறதா? 2இன் 15ஆம் அடுக்கு. பதினைந்து தரம் பாதியாக்கினால் சரியாக ஒரு நொடி, மீதி இல்லாமல். கரண்ட் போனாலும் தேதியும் நேரமும் மறக்காமல் வைத்திருப்பது அதன் வேலை. இயந்திரம் விழித்ததும் லினக்ஸ் அதனிடம் ஒருதரம் மணி கேட்டுக்கொள்ளும், பிறகு தன் தட்டுகளை வைத்துத் தானே எண்ணும்.

ஆக, அந்த 2.30 மணிக்கு நடப்பது இது. க்ரான் தூங்கப் போகும்போது "இத்தனை நொடி கழித்து எழுப்பு" என்று கெர்னலிடம் சொல்லிவிட்டுப் படுக்கிறது. கெர்னல் அதைத் தன் வரிசையில் குறித்துக்கொள்கிறது. நேரம் வந்ததும் கடிகாரச் சில்லு ப்ராசஸரைத் தட்டுகிறது, கெர்னல் வரிசையைப் பார்த்து க்ரானை எழுப்புகிறது. க்ரான் ஐந்து கட்டத்தையும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் தன்னைப்போலவே ஒரு நகலை உண்டாக்குகிறது. அந்த நகல் அட்டையின் சொந்தக்காரருடைய அடையாளத்தைப் போட்டுக்கொண்டு, ஷெல் என்ற ஏவலாளைக் கூப்பிட்டு மீதி வரியை அவனிடம் கொடுக்கிறது. க்ரானுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அது மணி அடித்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும்.

மீதி வரியை அப்படியே கொடுக்கிறது என்றேனே, அங்கேதான் நம் படங்கள் போயின.

1979ஆம் வருஷத்துக் கையேட்டில் ஒரு விதி உண்டு. வரியில் சதவீதக் குறி வந்தால், அதைச் சதவீதமாகப் படிக்காதே, அந்த இடத்தில் வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதாக வைத்துக்கொள். முதல் துண்டு மட்டும்தான் ஷெல்லுக்குப் போகும் கட்டளை. மீதியெல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாக ஊட்டப்படும். ஒரு கட்டளையையும் அதற்கு வேண்டிய தகவலையும் ஒரே வரியில் எழுத ஒரு வசதி. விக்ஸி தன் க்ரானிலும் பழையவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று அந்த விதியை வைத்துக்கொண்டார். இன்றும் இருக்கிறது.

நம் பையன் என்ன செய்தான்? ஒவ்வொரு நாள் நகலுக்கும் அந்த நாளின் தேதியைப் பெயராக வைத்தான். பொறுப்பானவன்தான் அப்படிச் செய்வான், இல்லையென்றால் புது நகல் பழையதை அழித்துவிடும். தேதியைக் கேட்டு வாங்கும் கட்டளையில் வருஷம், மாதம், நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதக் குறி போட வேண்டும். அது அந்தக் கட்டளையின் இலக்கணம். கையால் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்தான், அருமையாக ஓடியது. அன்று எடுத்ததுதான் அந்த நாற்பது படம். அதே வரியை அட்டையில் எழுதினான். அன்றிரவு க்ரான் வரியை முதல் சதவீதக் குறியில் வெட்டியது. ஷெல்லுக்குக் கிடைத்தது திறந்த அடைப்புக்குறி மூடாத அரைகுறை வாக்கியம். "எழுத்துப் பிழை" என்று திருப்பிவிட்டது. மறுநாளும் அதேதான். மூன்று வருஷம், ஆயிரத்துக்கு மேற்பட்ட இரவு, ஒரு இரவு தவறாமல் மணி அடித்தது. ஒரு இரவுகூட நகல் எடுக்கப்படவில்லை.

அந்தக் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டிருந்தால் போதும். அவ்வளவுதான் மருந்து. உங்களுக்கு வருஷக்கணக்கில் சதவீதம் நடத்திய எனக்கு, அந்தக் குறியே இப்படி ஒரு பாடம் நடத்தும் என்று தோன்றியதில்லை.

பிழை வந்தால் க்ரான் சும்மா இருக்குமா? இருக்காது, அந்த நியாயமும் அதற்கு உண்டு. வேலை ஏதாவது பேசினால், திட்டினாலும் சரி, அதை அட்டையின் சொந்தக்காரருக்கு அஞ்சலாக அனுப்பும். ஒரு காலத்தில் சர்வரில் வேலை செய்பவர்கள் அந்த சர்வரிலேயேதான் கடிதமும் படித்தார்கள். காலையில் வந்து உட்கார்ந்ததும் க்ரான் போட்ட கடிதம் கண்ணில் படும். இப்போது யார் அப்படிப் படிக்கிறார்கள்? நாம் வாடகைக்கு எடுத்த சர்வரில் அஞ்சல் மென்பொருளே இல்லை, தேவையில்லை என்று அவன் மடலிலேயே எழுதியிருக்கிறான். நியாயமான முடிவுதான். அப்படி இருந்தால் டெபியன் வழி வந்த க்ரான் பதிவேட்டில் ஒரு வரி எழுதும்: அஞ்சல் மென்பொருள் இல்லை, வந்த செய்தியைத் தூக்கி எறிகிறேன். தினமும் எழுதியிருக்கும். அந்தப் பதிவேட்டையும் சில வாரத்துக்கு ஒருமுறை பழசைக் கழித்துவிடுவார்கள், டிஸ்க் நிரம்பாமல் இருக்க. அப்படிக் கழிப்பதும் நேரம் குறித்து வைத்த இன்னொரு ராத்திரி வேலைதான்.

க்ரானிடம் இன்னொரு குணம் உண்டு, அது பின்னால் திரும்பிப் பார்க்காது. 2.30க்கு இயந்திரம் அணைந்திருந்தால் 2.31க்கு எழுந்து "ஒன்றை விட்டுவிட்டோமே" என்று தேடாது. எப்போதும் ஓடும் சர்வருக்கு அது பரவாயில்லை. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுப் போகும் நம் மச்சினர் கடைக்கு அது ஆகாது. அதற்காகக் கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் என்பவர் அனக்ரான் என்று ஒன்று எழுதினார், இட்டாய் ட்ஸூர் என்பவர் அதை லினக்ஸுக்காகத் திரும்ப எழுதினார். அது மணி பார்க்காது. கடைசியாக எந்த நாளில் செய்தோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, நாள் தாண்டியிருந்தால் எழுந்ததும் செய்யும்.

2010இல் சிஸ்டம்டி வந்தது. லினக்ஸ் உலகத்தில் இதைப் பற்றி மாமியார் மருமகள் சண்டை மாதிரி ஒன்று நடந்திருக்கிறது, நான் அதற்குள் போகவில்லை. 2013 முதல் அதுவும் நாள்காட்டி பார்த்து மணி அடிக்கிறது. அதற்கு டைமர் என்று பெயர். அதன் முறையைப் பேத்தி விளக்கியபோதுதான் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அது நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து பார்ப்பதில்லை. அடுத்த வேலை எப்போது என்று கணக்கிட்டு, அதுவரை தூங்க கெர்னலிடம் சொல்லிவிடுகிறது. பர்டியூவில் பிரௌன் நினைத்த அதே யோசனை! நேரடியாக அங்கிருந்து எடுத்தார்களா என்பது வேறு விஷயம். இந்த முறை காரணம் சுமை மட்டும் இல்லை. மடிக்கணினியில் பேட்டரியை மிச்சப்படுத்த வேண்டும். சும்மா இருக்கும்போது ப்ராசஸரைத் தட்டித் தட்டி எழுப்பாதே என்று 2007இலேயே கெர்னலும் தன் நொடிக்கு இத்தனை தட்டு வழக்கத்தை விட ஆரம்பித்துவிட்டது.

டைமரில் விட்டுப்போன வேலையைப் பிறகு செய்யச் சொல்லலாம். எல்லோரும் ஒரே நிமிடத்தில் போய் ஒரே கதவைத் தட்டாமல் இருக்க, கொஞ்சம் முன்பின்னாக ஓடச் சொல்லலாம். இது பெரிய தொல்லைதான். உலகத்தில் பாதிப்பேர் அட்டையில் 0 0 என்றுதான் எழுதுகிறார்கள், சரியாக நள்ளிரவு. டெபியன்காரர்கள் தங்கள் தினசரி வேலைகளைக் காலை 6.25க்கும், வாராந்திரத்தை 6.47க்கும், மாதாந்திரத்தை 6.52க்கும் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஒரு வேலை தோற்றால் அதைத் தோற்றது என்று பெயர் போட்டுத் தனியாகவும் காட்டும் சிஸ்டம்டி. ஆனால் போய்க் கேட்டால்தான் காட்டும்.

அங்கேயாவது சதவீதக் குறிக்கு விமோசனம் உண்டா என்று கேட்டேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கேயும் அதற்கு வேறொரு தனி அர்த்தமாம், வேண்டுமென்றால் இரண்டு தரம் எழுத வேண்டுமாம்.

இந்தக் குறியில் விழுந்தவர்கள் அவன் ஒருவன் இல்லை. இருபது வருஷம் இதே தொழில் செய்பவர்கள் விழுந்திருக்கிறார்கள் என்று பேத்தியின் பேராசிரியரே சொன்னாராம். அன்று குழுவில் எழுதியவர்கள் இதை ஒருதரம் படித்துவிட்டு, அவரவர் மனசுக்குப் பட்டதைச் செய்யுங்கள். நான் என் பங்கைச் செய்கிறேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாய், யாராவது அனுப்பி வைப்பார்கள். போனில் நான் சொன்ன வார்த்தை தப்பு. நீ நகல் எடுக்கத் தெரியாதவன் இல்லை. நேரக்கணக்கைக்கூடச் சரியாகப் போட்டு, எல்லாவற்றையும் எழுதி என்னிடம் கொடுத்திருந்தாய். அந்த மடலை மூன்று வருஷம் திறக்காதவன் நான்தான். முதல் மாதம் திறந்து யாரிடமாவது காட்டியிருந்தால் அத்தனை படமும் பிழைத்திருக்கும். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுகிறேன். எடு.

மற்றவர்களுக்கு: புதுத் தளம் தயார். பேத்தி அமைத்துக் கொடுத்திருக்கிறாள். அதிகாலை 2.30க்கு நகல் எடுக்கிறது. காலை ஆறு மணிக்கு, அந்த நகலைத் திறந்து எண்ணிப் பார்த்து, எத்தனை படம் இருக்கிறது என்று என் போனுக்கு ஒரு செய்தி வருகிறது. வராவிட்டால் நான் அவளைக் கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள் வரவில்லை, 6.05க்கே கூப்பிட்டுவிட்டேன், ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து பார்த்தால் என் போனில்தான் நெட் இல்லை.

இன்று காலை வந்த எண் 212. 1989, 1994, 2002 செட் படங்கள் ஒன்றுகூட இன்னும் வரவில்லை. வீட்டில் இருந்தால் அனுப்புங்கள். ஸ்கேன் செய்த பிறகு அசலைத் தூக்கிப் போடாதீர்கள். தலைமையாசிரியர் சைக்கிள் படம் யாரிடமாவது இன்னொரு பிரதி இருந்தால், கிழிந்திருந்தாலும் சரி, எனக்குச் சொல்லுங்கள், நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.